அம்புச் சின்ன வீட்டு நாட்குறிப்பு

2024 ஆகஸ்ட் 27, செவ்வாய்

இந்த வருடம் எங்கள் சொராரிட்டியின் சாப்டரில் (சொராரிட்டி என்பது அமெரிக்கக் கல்லூரி மாணவிகளின் சங்கம், சாப்டர் அதன் ஒரு கல்லூரிக் கிளை) எனக்கு வந்திருக்கும் பொறுப்பு, புதிதாகச் சேரும் பெண்களுக்கு எல்லாவற்றையும் சொல்லிக்கொடுப்பது. வரலாறு, விதிகள், பாட்டுகள், கூட்டத்தில் எழுந்து எப்படிப் பேசுவது என்பது வரைக்கும். கோயம்புத்தூரில் என்னோடு படித்த தோழிகளும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், சொராரிட்டி என்றால் பார்ட்டிதானே என்று. இரண்டுக்கும் சேர்த்து இந்தக் குறிப்புகள்.

நான் இருப்பது இல்லினாய் மாநிலத்தில் ஒரு பல்கலைக்கழக ஊர். எங்கள் சொராரிட்டி பை பீட்டா ஃபை. சின்னம் தங்க அம்பு, பூ ஒயின் நிறக் கார்னேஷன். வீட்டுக்குள் மது கிடையாது. சொராரிட்டிகளின் கூட்டமைப்பான நேஷனல் பான்ஹெலெனிக் கான்ஃபரன்ஸில் இருக்கும் 26 சொராரிட்டிகளின் வீடுகளிலும் இதே விதிதான்.

அம்மா இன்று போனில் கேட்டார்: "ஏங்கண்ணு, அது லேடீஸ் ஹாஸ்டல்தானே?" தங்குகிறோம், சாப்பிடுகிறோம், அந்த வகையில் ஹாஸ்டல்தான். ஆனால் ஹாஸ்டலை வார்டன் நடத்துவார். இங்கே கட்டடம் பழைய மாணவிகள் நடத்தும் ஒரு அமைப்பின் பெயரில் இருக்கிறது, வீட்டைப் பார்த்துக்கொள்ள 'ஹவுஸ் மாம்' ஒருவர் இருக்கிறார். மற்றபடி சந்தா, பட்ஜெட், நிகழ்ச்சிகள், ஒழுங்கு நடவடிக்கை எல்லாம் எங்கள் கையில். இருபது வயதுப் பெண் ஒருத்தி ஒரு வருடக் கணக்கை எழுதி, கூட்டத்தில் எல்லார் முன்னாலும் நின்று பதில் சொல்கிறாள். எனக்கு இந்த வீட்டில் பிடித்ததே அதுதான்.

சடங்குகளின் உள்விவரம் மட்டும் இதில் வராது. வாக்கு கொடுத்திருக்கிறேன்.

2024 செப்டம்பர் 14, சனி

தொண்டை கட்டிவிட்டது. புதிய உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் ரெக்ரூட்மென்ட் நடக்கிறது. பேச்சுவழக்கில் 'ரஷ்'.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரிவது வாசல் காட்சி மட்டும்தான். கதவு திறந்ததும் நிலைப்படி முழுக்க முகங்கள், மேலே மேலே அடுக்கி வைத்தது மாதிரி, கைதட்டிக்கொண்டே பாடும். முன்வரிசை மண்டிபோட்டிருக்கும், பின்வரிசை நாற்காலி மேல் நிற்கும். பாட்டு முடிந்ததும் ஆளுக்கு ஒருத்தியாக வரும் பெண்ணை அழைத்துக்கொண்டு உள்ளே போக வேண்டும். சில நிமிடம் பேசியதும் இன்னொருத்தி வந்து நம் இடத்தை எடுத்துக்கொள்வாள். அவள் வரும்போது வந்த பெண்ணுக்குத் தான் கைமாற்றப்படுகிறோம் என்ற உணர்வே வரக் கூடாது. இதற்காக ஒரு வாரம் ஒத்திகை பார்த்தோம். பேசக் கூடாதவை ஐந்து: ஆண் நண்பர்கள், குடி, மதம், பணம், அரசியல்.

முதல் சுற்றில் எல்லா வீட்டையும் பார்ப்பார்கள். அப்புறம் சுற்றுக்குச் சுற்று வீடுகள் குறையும். பெண்கள் தங்கள் விருப்பத்தை வரிசைப்படுத்திக் கொடுப்பார்கள், வீடுகளும் பட்டியல் கொடுக்கும், இரண்டையும் கணினி பொருத்திப் பார்க்கும். கடைசி இரவு 'பிரெஃப்'. அன்று கூச்சல் இல்லை, கைதட்டல் இல்லை, உட்கார்ந்து மனம்விட்டுப் பேசுவது. அது முடிந்ததும் வரிசையை எழுதிக் கையெழுத்துப் போட்டால் அது கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். எழுதிய வீடு அழைத்தும் மறுத்தால் அந்தக் கல்லூரியில் ஒரு வருடத்துக்கு வேறு சொராரிட்டியில் சேர முடியாது.

எங்கள் வீட்டுப் பெண்கள் சிலர் இந்த வாரம் எங்களோடு இல்லை. எந்த வீடு என்று யாருக்கும் சொல்லாமல், அம்புச் சின்னத்தைக் கழற்றி வைத்துவிட்டு, வரும் பெண்களுக்கு வழித்துணையாக நடக்கிறார்கள். 'ரோ காமா' என்று பெயர். அழுகிற பெண்ணுக்குத் தண்ணீர் கொடுப்பதும், செருப்பு கடித்த காலுக்குப் பிளாஸ்திரி ஒட்டுவதும் அவர்கள்தான். மொத்த ரஷ்ஷிலும் நான் மிகவும் மதிக்கும் வேலை அது.

பத்து நிமிடப் பேச்சை வைத்து ஒரு பெண்ணை எடைபோடுவது எனக்கு ஒப்பவில்லை. கணினி பொருத்தும் முறை பலருக்கு ஏதோ ஒரு வீட்டை வாங்கித் தருகிறது என்பது உண்மை. ஆனாலும் விருப்பப்பட்ட வீட்டின் பெயர் தன் பட்டியலில் இல்லை என்று காலையில் பார்க்கும் பதினெட்டு வயதுக்காரிக்கு அந்தக் கணக்கு ஆறுதல் சொல்லாது. நேற்று இரவுக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். நாம் எழுதும் குறிப்பில் அவள் என்ன சொன்னாள் என்பது மட்டும் இருக்க வேண்டும், என்ன உடுத்தியிருந்தாள் என்பது ஒரு வரிகூட வரக் கூடாது என்று கேட்டேன். ஓட்டுக்கு விட்டார்கள். நிறைவேறியது.

2024 செப்டம்பர் 16, திங்கள்

நேற்று பிட் டே, எந்த வீடு அழைத்திருக்கிறது என்று பெண்களுக்குத் தெரியும் நாள். உறையைப் பிரித்ததும் பெண்கள் தெரு முழுக்க ஓடிவந்தார்கள். இன்னும் காதில் அந்தச் சத்தம்.

2024 அக்டோபர் 7, திங்கள்

புதியவர்களுக்கு வரலாற்று வகுப்பு. இந்த வகுப்புக்காக நான் கோடை முழுவதும் படித்தேன்.

1867 ஏப்ரல் 28. உள்நாட்டுப் போர் முடிந்து இரண்டு வருடம். இதே இல்லினாயின் மேற்கே மன்மத் என்ற சிற்றூர்க் கல்லூரியில் பெண்களும் ஆண்களும் சேர்ந்து படித்தார்கள். ஆண்களுக்கு ஃபிரடெர்னிட்டிகள் என்ற மாணவர் சங்கங்கள் இருந்தன, பெண்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை. மாணவிகள் இருவர் வாடகைக்குத் தங்கியிருந்த ஒரு வீட்டில் 12 பேர் கூடி ஐ.சி. சொரோசிஸ் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். 1888-இல் அதுதான் பை பீட்டா ஃபை ஆனது. 1870-இல் அதே மன்மத்தில் கப்பா கப்பா காமா வந்தது. இன்றும் பல கல்லூரிகளில் இந்த இரண்டு வீடுகளும் சேர்ந்து 'மன்மத் டுவோ' என்று விருந்து வைக்கின்றன.

அந்த 12 பேரில் ஜென்னி நிக்கல் மருத்துவர் ஆனார். மேற்படிப்புக்காக ஐரோப்பா போய் 1881-இல் சூரிச்சில் இறந்துபோனார். லிபி புரூக் ஒரு வருடம் அயோவா வெஸ்லியனுக்குப் போய்ப் படித்து, அங்கே இரண்டாவது சாப்டரைத் தொடங்கிவிட்டுத் திரும்பினார். பெண்களின் ஓட்டுரிமைக்குப் போராடிய கேரி சாப்மன் கேட் எங்கள் அமைப்பில் இருந்தவர். அதிபர் கூலிட்ஜின் மனைவி கிரேஸ் கூலிட்ஜும்தான். வெள்ளை மாளிகையில் சிவப்பு உடையில் வெள்ளை நாயோடு அவர் நிற்கும் ஓவியம், 1924-இல் பை பீட்டா ஃபை கொடுத்த பரிசு.

இவ்வளவும் சொல்லிவிட்டு இன்னொரு பக்கத்தையும் சொன்னேன். வரலாறு என்றால் இரண்டும் சேர்ந்ததுதானே. இந்த வீடுகளின் கதவு நெடுங்காலம் வெள்ளைக்காரப் பெண்களுக்கு மட்டும் திறந்திருந்தது. கறுப்பினப் பெண்கள் வாஷிங்டனில் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் தங்களுக்கென்று கட்டிக்கொண்டார்கள். 1908-இல் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா, 1913-இல் டெல்டா சிக்மா தீட்டா. டெல்டாவின் 22 நிறுவனர்களும் சேர்ந்த சில வாரங்களிலேயே, மார்ச் 3 அன்று, வாஷிங்டன் ஓட்டுரிமை ஊர்வலத்தில் நடந்தார்கள். அலபாமா பல்கலைக்கழகத்திலோ 2013-இல்கூடக் கறுப்பின மாணவியைச் சேர்க்க விடாமல் பழைய மாணவிகள் தடுத்ததை மாணவர் பத்திரிகை வெளிக்கொண்டுவந்த பிறகுதான் நிலைமை மாறத் தொடங்கியது. 1998-இல் டெக்சஸ் ஆஸ்டினில் தெற்காசியப் பெண்களுக்காகக் கப்பா ஃபை காமா தொடங்கியதற்கும் ஒரு தேவை இருந்தது.

ஒரு பெண் கேட்டாள், "அப்படியானால் நீங்கள் ஏன் இங்கே சேர்ந்தீர்கள்?" அந்தக் கதவு வழியாக நடந்து உள்ளே வர இப்போது முடியும் என்பதால்தான் வந்தேன் என்றேன். உள்ளே வந்தால்தான் அடுத்த பட்டியலை எழுதும்போது மேசையில் உட்கார முடியும்.

2024 அக்டோபர் 21, திங்கள்

திங்கள் என்றால் சாப்டர் கூட்டம். நல்ல உடுப்பு, இடது பக்கம் அம்பு, முதலில் சாப்பாடு, அப்புறம் கூட்டம். கூட்டம் நடத்தும் முறையைச் சொல்லும் ராபர்ட்ஸ் விதிகள்படி முன்மொழிவு, வழிமொழிவு, திருத்தம், ஓட்டு.

இன்று வீட்டில் படிப்பு நேரத்தைப் பற்றிய தீர்மானம். இரவு எட்டு மணிக்கு மேல் கீழ்க்கூடத்தில் சத்தம் கூடாது என்று படிப்புப் பொறுப்பாளர் கொண்டுவந்தார். புதியவர்களில் ஒருத்தி, ரஷ்ஷில் கைகள் நடுங்க என் முன்னால் உட்கார்ந்திருந்தவள், கை தூக்கினாள். எழுந்தாள். உட்கார்ந்துவிட்டாள். தலைவி அவசரப்படுத்தவில்லை, பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார். மறுபடி எழுந்து, "ஒரு திருத்தம்" என்றாள். தேர்வு வாரங்களில் எட்டு என்பதை ஏழு ஆக்க வேண்டும், லேபில் வேலை முடித்து வருகிறவர்களுக்குச் சாப்பாட்டை எடுத்து வைக்க வேண்டும். பின்வரிசையிலிருந்து யாரோ வழிமொழிந்தார்கள். ஒருவர் எதிர்த்துப் பேசினார். அவள் பதில் சொன்னாள், இந்த முறை குரல் நடுங்கவில்லை. திருத்தம் நிறைவேறியது.

பாட்டும் பட்டாடையும் யூடியூபில் வரும். இது எங்கேயும் வராது.

2024 நவம்பர் 17, ஞாயிறு

புதியவர்களின் தீட்சை, அதாவது முழு உறுப்பினராகும் சடங்கு, முடிந்தது. அதைப் பற்றி எழுத மாட்டேன். அதன் பிறகு நடந்ததை எழுதலாம்: குக்கி ஷைன்.

1870-களில் கேன்சஸ் மாநிலத்தின் லாரன்ஸ் சாப்டரில் தொடங்கிய வழக்கம். தரையில் வெள்ளை விரிப்பு. அதன் நடுவில் நேராகத் தின்பண்டங்களைக் குவிப்பது. தட்டு கிடையாது. சுற்றிலும் எல்லாரும் சம்மணமிட்டு உட்கார்ந்து, பாடிக்கொண்டே எடுத்துத் தின்ன வேண்டும். பிரவுனி, பிரெட்ஸல், திராட்சை, ஓட்ஸ் பிஸ்கட். அம்மா தீபாவளிக்கு அனுப்பியதில் மிச்சமிருந்த தேன்குழலையும் கொட்டினேன். விரிப்பில் அதுதான் முதலில் காலியானது. நாலு துண்டைப் பாக்கெட்டில் பதுக்கிக்கொண்டவள் என் 'லிட்டில்'.

லிட்டில் என்றால், புதியவள் ஒவ்வொருத்திக்கும் வீட்டில் ஒரு அக்கா, அதாவது பிக். யார் என்று தெரியாமல் ஒரு வாரம் கதவருகே பரிசுகளும் துப்புகளும் வரும், கடைசி நாள் வெளிப்படும். அக்காவின் அக்கா, அவளுடைய அக்கா என்று குடும்ப வரிசையே போகும். என் வரிசையில் என் பிக்கின் பிக் இப்போது சிகாகோவில் நர்ஸ். போன குளிர்காலத்தில் எனக்குக் காய்ச்சல் வந்தபோது இரவு முழுவதும் போனில் இருந்தவர் அவர்.

2024 டிசம்பர் 29, ஞாயிறு

விடுமுறையில் எழுதுகிறேன். புதியவர்களை வதைப்பதற்கு எதிரான மத்தியச் சட்டத்தில் இந்த வாரம் அதிபர் பைடன் கையெழுத்திட்டிருக்கிறார். கல்லூரிகள் இனி அந்தச் சம்பவங்களையும் ஆண்டுப் பாதுகாப்பு அறிக்கையில் காட்ட வேண்டும். வெளியே தெரிந்தால் அவமானம் என்று மூடி வைப்பதால்தான் இந்தக் கொடுமை தொடர்கிறது. அடுத்த வகுப்பில் முதல் பாடமே இதுதான் என்று முடிவு செய்திருக்கிறேன்.

2025 ஜனவரி 27, திங்கள்

குளிர் எலும்பைத் தொடுகிறது. எங்கள் வீட்டிலும் 'கோல்ட் டார்ம்' உண்டு, அமெரிக்க நடுமேற்கின் பழைய வழக்கம். அறைகள் படிக்கவும் உடை மாற்றவும் மட்டும். உறங்குவது மேல்மாடியில் ஒரே நீள அறையில், வரிசையாக அடுக்குக் கட்டில்கள். ஜனவரியிலும் ஜன்னல் கொஞ்சம் திறந்திருக்கும். உள்ளே விளக்கு போடக் கூடாது, பேசக் கூடாது, அலாரம் அதிர்வில் மட்டும். மின்கம்பளி இல்லாமல் ஒருவரும் இல்லை. முதல் வருடம் எனக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றியது. இப்போது வேறு எங்கும் இவ்வளவு ஆழ்ந்து தூக்கம் வருவதில்லை.

2025 பிப்ரவரி 10, திங்கள்

கூட்டம் முடிந்ததும் விளக்கை அணைத்தார்கள். மெழுகுவர்த்தி சுற்று! வட்டமாக நிற்போம், பூச்சுற்றிய ஒரு மெழுகுவர்த்தி கைமாறிக்கொண்டே வரும், எல்லாரும் மெல்லப் பாடுவோம். யாருடைய செய்தி என்று ஏற்பாடு செய்தவருக்கு மட்டும் தெரியும். அந்தக் காலத்தில் இது திருமண நிச்சயத்துக்கானது. எத்தனையாவது சுற்றில் ஊதி அணைக்கிறாள் என்பதை வைத்துச் செய்தி என்ன என்று புரிந்துகொள்வார்கள். எங்கள் வீட்டில் இப்போது மேற்படிப்புக்கும் வேலைக்கும்கூட உண்டு.

மூன்றாவது சுற்றில் ஊதியவள் உயிர்வேதியியல் படிக்கும் கடைசி வருடப் பெண். மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. கூடம் அதிர்ந்தது. அவள் அப்பா லாரி ஓட்டுபவர். போனைப் போட்டுக் கொடுத்ததும் அந்தப் பக்கம் அவர் அழுதது எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

2025 மார்ச் 1, சனி

மன்மத் போய் வந்தோம். ஐ-74 நெடுஞ்சாலையில் பியோரியாவைத் தாண்டி, கேல்ஸ்பர்க்கில் திரும்பினால் கொஞ்ச தூரம். வழியெங்கும் அறுவடை முடிந்த சோள வயல்கள். 12 பேரும் கூடிய ஹோல்ட் ஹவுஸை எங்கள் அமைப்பே வாங்கிப் பாதுகாத்து வருகிறது. சாதாரண மர வீடு. படி ஏறி மேலே போனால் அவ்வளவு பெரிய வரலாறு தொடங்கிய இடம் இவ்வளவு சிறிதா என்று இருக்கிறது. எங்களில் பாதிப் பேர் வாசலிலேயே நிற்க வேண்டியிருந்தது.

திரும்பும்போது வண்டியில் பேச்சு டென்னஸி பற்றிப் போனது. 1910 மாநாட்டில் முடிவெடுத்து, 1912-இல் ஸ்மோக்கி மலைப்பகுதியின் கேட்லின்பர்க்கில் இந்த அமைப்பு ஒரு பள்ளிக்கூடம் தொடங்கியது. பள்ளியோடு மருத்துவ உதவியும், மலைவாழ் பெண்களின் நெசவுக்குச் சந்தையும் வந்தன. இன்று அது ஆரோமான்ட் கைவினைப் பள்ளி. நாங்கள் இப்போது செய்யும் வாசிப்புப் பணியை அதன் தொடர்ச்சியாகத்தான் பார்க்கிறேன். வாரம் ஒரு முறை மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுடன் உட்கார்ந்து படிக்கிறோம். போன வாரம் ஒரு பையன் ஒரு பக்கத்தை எழுத்துக்கூட்டாமல் படித்து முடித்துவிட்டு, புத்தகத்தை மூடாமல், "அடுத்ததையும் நானே" என்றான்.

2025 ஏப்ரல் 28, திங்கள்

நிறுவனர் நாள். இந்த முறை திங்களிலேயே விழுந்தது. மேசை முழுக்க ஒயின் நிறக் கார்னேஷன். 12 பெயர்களையும் புதியவர்கள் ஆளுக்கு ஒன்றாக வாசித்தார்கள்.

அம்பு அணிந்து ஐம்பது வருடம் தாண்டியவர்களை 'கோல்டன் ஏரோ' என்போம். அப்படி ஒருவர் வந்திருந்தார், 1960-களில் இதே வீட்டில் இருந்தவர். அன்று இரவில் குறித்த நேரத்துக்குள் திரும்பி வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம், மாணவிகளுக்கு மட்டும். ஆண்களுக்கு அப்படி எந்த விதியும் இல்லை. தங்கள் சாப்டர் கூடி அதை எதிர்த்துக் கல்லூரிக்கு எழுதிய கடிதத்தின் வாசகத்தை இன்னும் மனப்பாடமாகச் சொன்னார். யார் முன்மொழிந்தார்கள், யார் வழிமொழிந்தார்கள் என்பதோடு. படிப்பு நேரத் திருத்தம் கொண்டுவந்த பெண் அவர் பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேள்விமேல் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள்.

கூட்டத்தில் என்னுடைய தீர்மானம் ஒன்று இருந்தது: சந்தா கட்ட முடியாமல் விலகும் பெண்களுக்கு உதவ, வரும் வருட பட்ஜெட்டிலேயே ஒரு தொகை ஒதுக்குவது. பணம் இல்லாததால் கதவு மூடுவதும் மூடுவதுதான். நிறையப் பேசினோம். பொருளாளர் கணக்கைக் காட்டி, பூ அலங்காரச் செலவைக் குறைத்தால் முடியும் என்றார். கோல்டன் ஏரோ அம்மையார் பழைய மாணவிகளிடமும் கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னார். ஓட்டு அடுத்த திங்கள். அதற்குள் விவரங்களை ஒரு பக்கத்தில் எழுதி எல்லாருக்கும் அனுப்ப வேண்டும், என் லிட்டில் தட்டச்சு செய்து தருகிறாள்.