குர்லாவுக்கும் சயானுக்கும் நடுவில் ஒரு டாலெக்

மும்பை லோக்கலில், டோம்பிவிலியில் ஸ்லோ வண்டி பிடித்தால் கடைசி ஸ்டேஷனான சி.எஸ்.எம்.டி. போய்ச் சேர ஒன்றே கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். தானே ஸ்டேஷன் தாண்டுவதற்குள் கை இரண்டும் நம் வசம் இருக்காது. பையை நெஞ்சோடு அணைத்து நின்ற நிலையிலேயே குர்லா வரைக்கும் நிற்க வேண்டியதுதான், மூக்கு அரித்தாலும் தூக்க முடியாது. போனில் படம் பார்ப்பதெல்லாம் ஜன்னலோரம் கிடைத்த புண்ணியவான்களுக்கு. எனக்கு மிஞ்சுவது காது மட்டும்.

அந்தக் காதுக்குள் ஆறு வருஷமாக ‘டாக்டர் ஹூ’ ஓடிக்கொண்டிருக்கிறது. டிவி தொடரைச் சொல்லவில்லை. அதன் ஒலி நாடகங்களைச் சொல்கிறேன்.

தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. 1963 நவம்பர் 23 அன்று பிபிசியில் தொடங்கிய தொடர். நீல நிறப் போலீஸ் பெட்டி ஒன்றில் ஏறிக் காலத்தையும் அண்டவெளியையும் சுற்றிவருகிற ஒருவர்தான் டாக்டர். சாகப்போகும் நேரத்தில் உடம்பே மாறி வேறு ஆளாக எழுந்துவிடுவார், அதனால் நடிகர் மாறினாலும் கதை நிற்காது. 1989-இல் தொடரை நிறுத்தினார்கள். 1996-இல் ஒரே ஒரு டிவி படம் வந்தது. மறுபடி தொடராக வந்தது 2005-இல்.

நடுவில் இருந்த அந்த நீண்ட வறட்சியில்தான் ‘பிக் ஃபினிஷ்’ என்ற சின்ன நிறுவனம் 1999 ஜூலையில் முதல் நாடகத்தை சிடியாகவும் கேசட்டாகவும் வெளியிட்டது. பீட்டர் டேவிசன், காலின் பேக்கர், சில்வெஸ்டர் மெக்காய் என்று பழைய டாக்டர்கள் மூன்று பேரும் அதில் நடித்தார்கள். மேக்கப் வேண்டாம், செட் வேண்டாம். நரையும் தொப்பையும் மைக்குக்குத் தெரியாது. 1974-இல் டாக்டராகி ஏழு வருஷம் நடித்த டாம் பேக்கர், 2012-இல் கிட்டத்தட்ட 78 வயதில் இந்த நாடகங்களுக்கு வந்தார். குரல் கொஞ்சம் கனத்திருந்தது. ஆனால் அந்த உருட்டும் திடீர்ச் சிரிப்பும் அப்படியே இருந்தன.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது காலின் பேக்கரின் கதை. 1986-இல் அவரை அந்த வேஷத்திலிருந்து நீக்கினார்கள். நல்ல கதைகள் அமையாமலே போய்விட்டது, பாவம். ஒலி நாடகத்தில்தான் அவருக்கு நியாயம் கிடைத்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன். 2000-இல் அவருக்கு ஒரு துணையைக் கொடுத்தார்கள். ஈவ்லின் ஸ்மைத், வயது ஐம்பதைத் தாண்டிய சரித்திரப் பேராசிரியை. டிவியில் டாக்டரோடு போகிறவர்கள் பெரும்பாலும் இளம்பெண்கள். இந்த அம்மாளுக்கோ நெஞ்சுவலி உண்டு, கோகோ குடிக்காமல் முடியாது, டாக்டர் குரலை உயர்த்தினால் பள்ளிக்கூடப் பையனை அதட்டுவதுபோல் அதட்டுவார். காதுக்காகவே பிறந்த பாத்திரம் அது. மேகி ஸ்டேபிள்ஸ் என்ற நடிகை பேசியிருக்கிறார். அவர் 2014-இல் காலமான பிறகும், விக்ரோலி வந்தால் எனக்கு அவர் குரல் கேட்கிறது.

வண்டியில் என் பக்கத்தில் நிற்பவர் ஒரு அண்ணாச்சி. பாவூர்சத்திரத்துக்காரர், தாராவியில் ஒரு தோல் கடையில் கணக்கு பார்க்கிறார், சயானில் இறங்குவார். மூன்று வருஷப் பழக்கம். ஒரு நாள் என் காதிலிருந்த ஒரு பக்க ஒயரை அவரே எடுத்துத் தன் காதில் வைத்துக்கொண்டார். நேரம் பார்த்து டாலெக் பேசியது. டாலெக் என்பது இரும்புக் கூட்டுக்குள் வாழும் ஒரு ஜந்து. அதற்கு வெறுப்பைத் தவிர வேறு எதுவும் தெரியாது.

“இது என்ன தம்பி, தகர டப்பாக்குள்ள தலைய விட்டுக்கிட்டுப் பேசுதான்?”

“மிஷின் அண்ணாச்சி. மனுஷக் குரலைத்தான் மிஷின்ல குடுத்து அப்படி ஆக்குதாங்க.”

ரிங் மாடுலேட்டர் என்று பெயர். பேசுகிற குரலைத் தாழ்ந்த அதிர்வுள்ள இன்னொரு அலையோடு பெருக்கிவிடும், குரல் துண்டு துண்டாக நடுங்கி வரும். அறுபதுகளில் பிபிசியில் கையாண்ட அந்த உத்தியைத்தான் நிக்கலஸ் பிரிக்ஸ் இன்றைக்கும் கையாள்கிறார். 2005-க்குப் பிறகு டிவியில் டாலெக்குகளுக்குக் குரல் கொடுப்பவரும் அவர்தான். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த நீலப் பெட்டி கிளம்பும்போது மூச்சிரைப்பதுபோல ஒரு சத்தம் வரும். பழைய பியானோ ஒன்றின் கனத்த கம்பிகளில் வீட்டுச் சாவியை இழுத்துத் தேய்த்து, அதைப் பதிவு செய்து உருவாக்கினார் பிரையன் ஹாட்சன். ஒரு சாவியும் கம்பியும் போதும், காலமே கிளம்பிப் போகிறது.

குறையும் இருக்கிறது. சில நாடகங்களில் கண்ணால் காண்பதையெல்லாம் வாயால் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். “அதோ பாருங்கள், பச்சை நிறத்தில் நம்மை நோக்கி வருகிறது!” என்றதும் என் மனசில் இருந்த ராட்சசன் படுத்துவிடுகிறான். நல்ல எழுத்தாளர் கதவு கிறீச்சிடுவதைக் கேட்கவிட்டு, பேசுகிறவரை வாக்கியத்தின் நடுவில் நிறுத்திவிடுவார். ஒலிப்புத்தகங்களும் வைத்திருக்கிறேன். பழைய கதைகளின் நாவல் வடிவத்தை ஒரே ஆள் வாசிப்பது. அவை ராத்திரிக்குத்தான் சரி. ரயிலில் கேட்டால் காட்கோபரில் ஏறும் கூட்டம் வாசகத்தையே விழுங்கிவிடும்.

இந்தத் தொடருக்கும் ஒலிக்கும் உள்ள உறவு இன்னும் பழையது. அறுபதுகளில் ஒளிபரப்பான எபிசோடுகளில் பலவற்றைப் பிபிசி அழித்துவிட்டது. வீடியோ டேப் விலை அதிகம், அழித்துவிட்டு மேலே வேறு நிகழ்ச்சி பதிவார்கள். அப்படிப் போனவற்றில் பல இன்றுவரை படமாகக் கிடைக்கவில்லை. ஆனால் ஒரு எபிசோடின் ஒலிகூடத் தொலையவில்லை! ஒளிபரப்பான அன்றே ரசிகர்கள் வீட்டில் டேப் ரெக்கார்டரில் பதிந்துவைத்திருந்தார்கள். சிலர் டிவி முன்னால் மைக்கை வைத்து, சிலர் டிவிக்குள்ளேயே ஒயரை இணைத்து. 1966-இல் இரண்டாவது டாக்டர் அறிமுகமான கதையின் ஆறு பகுதியும் அழிந்தவை. 2016-இல் அந்த வீட்டு ஒலிப்பதிவை வைத்துத்தான் கதை முழுவதற்கும் அனிமேஷன் செய்தார்கள்.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் ரேடியோவில் ஒலிச்சித்திரம். ஒரு முழுப் படத்தையும் ஒரு மணி நேர வசனமாகக் கேட்போம். கல்யாண வீட்டு மைக்செட்டில் ‘விதி’ படத்தின் கோர்ட் வசனம் ஓடிய ஊர் எங்களுடையது, படம் பார்க்காதவர்களுக்கும் மனப்பாடம். அப்பா ஒலிச்சித்திரங்களைக் கேசட்டில் பதிந்துவைப்பார். பதிந்து முடித்ததும் கேசட்டின் மேல் விளிம்பில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் தகட்டை ஸ்குரூடிரைவரால் நெம்பி உடைத்துவிடுவார். அதற்குப் பிறகு ரெக்கார்ட் பட்டன் அமுங்காது, யாரும் அழிக்க முடியாது.

நான் பிளஸ் ஒன் படிக்கும்போது அந்த ஓட்டையில் காகிதத்தைச் சுருட்டி அடைத்து, மேலே சினிமாப் பாட்டு பதிந்தேன். ஒன்பது கேசட். அப்பா பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அவர் போய்ப் பதினொரு வருஷம் ஆகிறது.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அந்தக் கேசட்டுகளை எடுத்துவந்து, ஒவ்வொன்றையும் கடைசி வரை ஓட்டிப் பார்த்தேன். எட்டில் பாட்டைத் தவிர எதுவும் இல்லை. ஒன்பதாவதில், என் கடைசிப் பாட்டு பாதியில் முடிந்த இடத்துக்கு அப்பால், நாற்பது விநாடி பழைய பதிவு மிச்சம் இருந்தது. ரேடியோவில் ஒரு பெண் அழுகிறாள். குக்கர் ஒரு விசில் விடுகிறது. அப்பா, “ஏட்டி, அதக் கொஞ்சம் அமத்து, பதியுதுல்லா” என்கிறார். அம்மா ஏதோ சொல்கிறாள், கேட்கவில்லை. டேப் முடிந்துவிடுகிறது.

போனில் ஏற்றி வைத்திருக்கிறேன். ஒலி நாடகங்கள் இருக்கும் அதே ஃபோல்டரில்.

அண்ணாச்சிக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது. அதனால் கேட்ட கதையை அன்றன்றைக்குக் குர்லா விட்டதும் சயான் வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்பது எங்களுக்குள் ஏற்பாடு. இப்போது ஓடுவது 2003-இல் வந்த ‘ஜூபிலி’. ராபர்ட் ஷியர்மன் எழுதியது. லண்டன் கோட்டைச் சிறையில் ஒற்றை டாலெக்கை அடைத்துவைத்திருக்கிறார்கள், ஈவ்லின் அம்மாள் பயந்துகொண்டே அதனோடு பேசப் போகிறாள். இரண்டு வருஷம் கழித்து டிவியில் வந்த ‘டாலெக்’ எபிசோடுக்கு விதை இதுதான். நேற்று அந்த அறைக்கதவு வரைக்கும் சொல்லியிருந்தேன்.

இன்று முலுண்டிலேயே ஆரம்பித்துவிட்டார்.

“தம்பி, அந்த டீச்சரம்மா உள்ள போயிட்டாளா?”

“போயிட்டா அண்ணாச்சி.”

“அது என்ன சொல்லுது?”

நான் காதிலிருந்து ஒயரைக் கழற்றினேன்.