மாருதி ஆம்னியா, பஸ் கேரவனா: 14 மாதம் இரண்டிலும் கை வைத்த அனுபவம்

போன ஞாயிறு காலை ஆறு மணிக்கு மச்சான் போன் செய்தான். "மாமா, வண்டி நகரல. ஏர் ஏறவே மாட்டேங்குது." மாதவரத்தில் அவனுடைய பஸ் கேரவன் நிற்கும் இடத்துக்கு என் ஆம்னியை எடுத்துக்கொண்டு போனேன். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் ஏர் மீட்டரில் முள் பாதியோடு நின்றுவிட்டது. இந்த மாதிரி ஏர் பிரேக் வண்டிகளில் காற்று நிரம்பாவிட்டால் ஹேண்ட் பிரேக் விடாது. உள்ளே இருக்கும் ஸ்பிரிங் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கும். பாதுகாப்புக்காகத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள். சோப்புத் தண்ணீரை ஒவ்வொரு மூட்டாகப் பூசிக்கொண்டே போனோம். பின் சக்கரத்துக்குப் பக்கத்து ஹோஸில் நுரை குமிழ் குமிழாகக் கிளம்பியது. ஜி.என்.டி. சாலையிலிருந்து ஒரு லாரி மெக்கானிக் அண்ணனைக் கூட்டி வந்தோம். அவர் ஹோஸை மாற்றி, முள் முழுதாக ஏறி, வண்டி நகர்ந்தபோது மணி எட்டுகூட ஆகவில்லை.

இதே வண்டியின் கூரை போன நவம்பரில் ஒழுகியது. அதைச் சரிசெய்ய மூன்று வாரம் ஆனது. ஹோஸ் இரண்டு மணி நேர வேலை, ஒழுகல் மூன்று வார வேலை. இந்த வித்தியாசத்தை யாராவது முன்பே சொல்லியிருந்தால் மச்சான் வாங்கும் முன் இன்னும் நான்கு நாள் யோசித்திருப்பான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எனக்குக் காலடிப்பேட்டையில் வீடு. கடல் நடக்கிற தூரம்தான். என்னிடம் இருப்பது 2014 மாடல் மாருதி ஆம்னி, 796 சிசி, மூன்று சிலிண்டர் பெட்ரோல். அதில் நானும் மனைவியும் இரவு தங்கிப் போகும்படி பலகை, பேட்டரி, ஃபேன் என்று ஒவ்வொன்றாகச் செய்து வருகிறேன். மச்சானுடையது மினி பஸ் சேஸிஸ் (என்ஜினும் சக்கரமும் பொருந்திய அடிச்சட்டம்) மேல் கட்டிய பெரிய வண்டி. கேரவன் என்றே ஆர்.சி. உள்ளதை செகண்ட் ஹேண்டில் வாங்கினான். கேரவன் என்றால் நம்மூரில் எல்லோருக்கும் ஷூட்டிங் வண்டிதான் நினைவுக்கு வரும். அது ஒரே இடத்தில், ஜெனரேட்டரோடு நாள் முழுக்க நிற்கிற வண்டி. தினம் இருநூறு கிலோமீட்டர் குலுங்கிக்கொண்டு ஓட வேண்டிய வண்டிக்குத் தேவையே வேறு.

முதலில் என் வண்டியில் பட்டதைச் சொல்கிறேன். சின்ன வண்டிக்கு முதல் எதிரி எடை. ஆரம்பத்தில் 19 மி.மீ. பிளைவுட் வாங்கிவிட்டேன். எட்டுக்கு நாலு ஷீட் ஒன்றே 35 கிலோவுக்கு மேல். வீட்டு இன்வெர்ட்டரில் இருந்த பழைய டியூபுலர் பேட்டரியையும் தூக்கி வைத்தேன். பின்பக்கம் தாழ்ந்து, ஸ்பீடு பிரேக்கர் ஏறும்போதெல்லாம் ஸ்பிரிங் பட்டை முட்டியது. தெருமுனை பழைய பேப்பர் கடைத் தராசில் எல்லாவற்றையும் கழற்றி நிறுத்தேன். மொத்தம் 171 கிலோ, அதில் பேட்டரி மட்டும் 54. இரண்டு ஆட்களும் ஏறினால் அந்தச் சின்ன என்ஜினும் 12 அங்குலச் சக்கரமும் என்ன செய்யும்? பிளைவுட்டை 12 மி.மீ.க்கு மாற்றினேன், அடியில் அலுமினியச் சட்டம் கொடுத்தேன். டியூபுலர் போய் 100 ஆம்பியர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வந்தது, எடை 12 கிலோ. இப்போது மொத்தம் 96 கிலோ. டியூபுலரை எடுக்க வேறு காரணமும் உண்டு. சார்ஜ் ஏறும்போது அதிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிற பொருள் இல்லை அது.

சார்ஜ் விஷயத்தில்தான் நான் அதிகம் கற்றுக்கொண்டேன். வண்டி ஓடும்போது டைனமோவிலிருந்து பின் பேட்டரிக்கு சார்ஜ் ஏற வேண்டும். வீட்டு வயரிங்கில் மிச்சமிருந்த 2.5 ஸ்கொயர் (சதுர மி.மீ.) வயரைப் போட்டு, நடுவில் ஒரு ரிலே (தானாக இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்) வைத்தேன். பொன்னேரி போய் வந்து பார்த்தால் பேட்டரி போனபடியே வந்திருக்கிறது. மல்டிமீட்டரில் முன்னால் 14 வோல்ட்டுக்குப் பக்கம், பின்னால் 12.8. ஒரு வாரம் ரிலேயைச் சந்தேகப்பட்டேன். கடைசியில் மூலக்கடையில் ஆட்டோ எலக்ட்ரிக் வேலை பார்க்கும் பெரியவரிடம் காட்டினேன். வயரை விரலால் உருட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, ரிலே நல்லாத்தான் கீது. இதுல கரென்ட் எப்டி போவும்?" என்றார்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். முன்னிருந்து பின்னுக்கு 4 மீட்டர், போக வர 8 மீட்டர். அந்த வயரில் 8 மீட்டருக்கு சுமார் 0.06 ஓம். 20 ஆம்பியர் ஓடினால் 1.2 வோல்ட் வழியிலேயே காணாமல் போகிறது. வீட்டில் 230 வோல்ட்டில் 1.2 வோல்ட் குறைந்தால் யாருக்கும் தெரியாது, 12 வோல்ட்டில் அதுதான் எல்லாமே. 10 ஸ்கொயர் வயர் போட்ட பிறகு இழப்பு 0.3 வோல்ட்டாகக் குறைந்தது. முன் பேட்டரியை ஒட்டியே ஃப்யூஸ் வைத்தேன். அப்புறம் லித்தியம் வந்தபோது ரிலேயை எடுத்துவிட்டு 20 ஆம்பியர் டிசி சார்ஜர் போட்டேன். லித்தியம் கிடைக்கிற கரென்ட்டையெல்லாம் இழுக்கும், கட்டுப்படுத்தாவிட்டால் டைனமோ சூடாகிப் புகைந்துவிடும்.

ஓர் இரவுச் செலவு இப்போது இப்படி: ஃபேன் 18 வாட், எட்டு மணி நேரம். இரண்டு எல்.இ.டி. விளக்கு, இரண்டு போன். எல்லாம் சேர்த்து 215 வாட்-மணி வருகிறது. பேட்டரியில் இருப்பது 1,280. நான்கு இரவு தாராளம். மச்சான் வண்டியில் கூரை ஏ.சி. ஒரு டன் ஏ.சி. ஓடினால் மணிக்கு ஏறக்குறைய ஒரு யூனிட், என் பேட்டரி ஒரு மணி நேரம் சொச்சம் தாங்கும். அதனால் அவனுக்குப் பெரிய பேட்டரி, பெரிய இன்வெர்ட்டர், ஜெனரேட்டர் எல்லாமே வேண்டும். ஒவ்வொன்றும் தனியாகப் பழுதாகக்கூடியது.

என் வண்டி நின்றதே இல்லை என்று சொல்ல மாட்டேன். மே மாதம் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் ஒரு சரக்கு ரயில் போய், இன்னொன்றும் வந்தது. ஆம்னியில் என்ஜின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கிறது, சூடு ஏறுவது தொடையிலேயே தெரிந்துவிடும். அன்று முள் சிவப்பைத் தொட்டது. ஓரம் கட்டி, ஆறவிட்டுப் பார்த்தால் ரேடியேட்டர் ஃபேன் சுற்றவில்லை. அதன் வயரை இணைக்கும் கப்ளரைப் பிரித்தேன், உள்ளே பின் எல்லாம் பச்சை பூத்திருந்தது. கடல் காற்று. சுரண்டிவிட்டு அழுத்திச் செருகினேன், ஃபேன் ஓடியது. மறுநாள் 80 ரூபாயில் புதுக் கப்ளர். எங்கள் பக்கம் வண்டி வைத்திருப்பவர்கள் என்ஜினைவிட கப்ளர், எர்த் இந்த இரண்டையும்தான் அடிக்கடி பார்க்க வேண்டும். மழைக்கு முன் ஒரு தடவை, மழைக்குப் பின் ஒரு தடவை எல்லா எர்த் இணைப்பையும் கழற்றி உப்புத்தாள் தேய்த்து கிரீஸ் வைக்கிறேன்.

பெரிய வண்டிக்கு வருகிறேன். அதன் என்ஜின், கியர்பாக்ஸ், பட்டை எல்லாம் நாள் முழுக்க பஸ்ஸாக ஓடுவதற்குச் செய்தவை. கேரவனாக ஓடுவது அவற்றுக்கு ஒரு வேலையே இல்லை. வட சென்னையில் இன்னொரு வசதி உண்டு. எண்ணூரில் அசோக் லேலண்ட் இருக்கிற ஊர் இது, துறைமுகத்துக்கும் மணலிக்கும் கன்டெய்னர் லாரி ராத்திரி பகலாக ஓடுகிற ஊர். செங்குன்றம் வரை சாலை நெடுக கிளட்ச், ஏர் பிரேக், பட்டை என்று தனித்தனிப் பட்டறை இருக்கிறது. சேஸிஸைப் பொறுத்தவரை மச்சான் என்னைவிட நிம்மதியாகவே இருக்கிறான். ஏர் டேங்கில் சேரும் தண்ணீரைத் தினமும் திறந்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

பிரச்சினை எல்லாம் மேலே கட்டிய வீட்டில். அவன் வாங்கிய ஆறாவது மாதம் இரண்டு பேட்டரியில் ஒன்று செத்தது. புதுசு போட்டான், அதுவும் நாலு மாதத்தில் போனது. பேனலைக் கழற்றி வயரைப் பிடித்துக்கொண்டே போனபோதுதான் தெரிந்தது. வண்டி 24 வோல்ட், அதாவது இரண்டு 12 வோல்ட் பேட்டரி வரிசையாக. உள் விளக்கும் தண்ணீர் பம்பும் 12 வோல்ட். வீடு கட்டியவர்கள் இரண்டில் ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட்டை இழுத்துவிட்டிருக்கிறார்கள். ஒன்று தினமும் காலியாகிறது, இன்னொன்று நிறைந்தே இருக்கிறது. டைனமோ இரண்டையும் ஒன்றாகப் பார்த்து சார்ஜ் செய்வதால் ஒன்று பட்டினி, மற்றது அளவுக்கு மேல். 24-லிருந்து 12 ஆக்கும் கன்வெர்ட்டர் போட்டதும் அந்தத் தொல்லை நின்றது. இப்படிப்பட்ட பழைய வண்டி வாங்குகிறவர்கள் முதலில் இதைப் பாருங்கள். நடு இணைப்பிலிருந்து தனியாக ஒரு வயர் போனால் சந்தேகப்படலாம்.

தண்ணீர் குழாய்க்கு வீட்டில் போடும் பி.வி.சி.யை ஒட்டிவிட்டிருந்தார்கள். வீடு ஆடாது, வண்டி ஆடும். எல்போ ஒவ்வொன்றாக விரிசல் விட்டது. இப்போது வளையும் ஹோஸும் கிளிப்பும் போட்டு வருகிறோம்.

கூரை ஒழுகலுக்கு வருவோம். ஏ.சி.க்காக வெட்டிய துளையைச் சுற்றி சிலிக்கான் மட்டும் பூசியிருந்தது. கூரைத் தகடு வெயிலில் விரிந்து இரவில் சுருங்குகிறது, ஒட்டு விட்டுப் போகிறது. தண்ணீர் இறங்கிய இடம் முன்னால், சொட்டிய இடம் நடுவில். உள் பலகையைக் கழற்றினால் பிளைவுட் கையோடு பிட்டு வந்தது. பஸ் பாடி கட்டுகிறவர் "இது கார்பென்டர் வேலை" என்றார், கார்பென்டர் "வண்டிக்குள்ள நான் செஞ்சதில்ல" என்றார், ஏ.சி. மெக்கானிக் கூரையைத் தொட மாட்டேன் என்றார். மூன்று வாரம் இப்படித்தான் போனது. கடைசியில் அலுமினிய ஃபிளேஞ்ச் (துளை விளிம்புக்கான தகடு) வெட்டி, பியூட்டைல் டேப் (ரப்பர் போல இழுபடும் ஒட்டு நாடா) வைத்து நாங்களே முடித்தோம்.

வெளிநாட்டிலும் கதை இதுதான் போலிருக்கிறது. ஐரோப்பாவில் ஃபியட் டுக்காட்டோ என்ற ஒரே வேன் சேஸிஸ் மேல் சின்னக் கேம்பரும் கட்டுகிறார்கள், பெரிய மோட்டார் ஹோமும் கட்டுகிறார்கள். கீழே என்ஜின் ஒன்றே என்னும்போது நம்பகத்தன்மையில் வருகிற வித்தியாசம் மேலே கட்டிய பாதியில்தான் வந்தாக வேண்டும். மூட்டு அதிகம் என்றால் ஒழுகலும் அதிகம்.

புது டீசல் வண்டி யோசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2020 ஏப்ரலிலிருந்து பி.எஸ்.6 என்ற புகை விதி. புகைக் கரியைப் பிடிக்கும் ஃபில்டர் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ள நீண்ட, சீரான ஓட்டம் வேண்டும். மாதத்துக்கு ஒருமுறை ஸ்டார்ட் செய்து அரை மணி நேரம் உறுமவிட்டு நிறுத்தும் கேரவனுக்கு அது ஒத்துவராது. மச்சானுடையது 2017 வண்டி என்பதால் தப்பித்தான்.

சின்ன வண்டியில் மாற்றம் செய்ய நினைப்பவர்கள் சட்டத்தையும் பார்க்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: ஆர்.சி.யில் இருக்கும் விவரம் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. முறையான கேரவனுக்கு ஏ.ஐ.எஸ். 124 என்று தனித் தரமே இருக்கிறது. அதனால் நான் பாடியில் ஒரு ஓட்டை போடவில்லை, சீட்டைக் கழற்றவில்லை. பலகையும் பேட்டரிப் பெட்டியும் பெல்ட்டில் கட்டி நிற்கின்றன. பத்து நிமிடத்தில் எல்லாம் வெளியே வந்துவிடும். இது பழுது பார்க்கவும் பெரிய உதவி. வண்டியைப் பட்டறையில் விடும்போது வீட்டை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறேன். மச்சானுக்கு அது முடியாது. தாழ்வான சப்வேயில் அவன் வண்டி நுழையாது, நல்ல டிங்கர் இருக்கும் சந்திலும் திரும்பாது.

ஆறு பேர் குடும்பத்தோடு போகிறவனுக்கு ஆம்னியைச் சொல்ல முடியாது. மச்சான் அம்மாவுக்கு முட்டி வலி, உள்ளேயே கழிப்பறை வேண்டும். அந்தத் தேவைக்கு அவன் வண்டிதான் சரி. நாங்கள் இரண்டு பேர், பழவேற்காடு வரை போய் ஏரிக்கரையில் பூநாரை பார்த்துவிட்டுப் பொன்னேரியில் உறவினர் தோப்பில் தூங்கி எழுந்து வருகிறவர்கள். எங்களுக்கு ஆம்னி போதும், அதற்கு மேல் எனக்கு ஆசையும் இல்லை. இந்த 14 மாதத்தில் பழுதுக்கு மட்டும் எனக்கு 11,400 ரூபாய், அவனுக்கு 87,000. அவன் தொகையில் சேஸிஸுக்குப் போனது 19,000தான்.

இப்போது கையில் இருப்பது ஸ்லைடிங் கதவு. கீழ் ரெயிலில் உப்பும் மணலும் சேர்ந்து ரோலர் தேய்ந்து, மூடும்போது கதவு அரை அங்குலம் தொங்குகிறது. ரெயிலைப் பிரஷ்ஷால் சுரண்டியதில் ஓரிடத்தில் துரு தகட்டையே தின்றிருப்பது தெரிந்தது, சுண்டுவிரல் நகம் அளவு. ரோலர் வாங்கிவிட்டேன். வெல்டிங் வைக்கும் அண்ணன் வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். அதற்குள் பலகையை இறக்கி, ரெயில் முழுவதும் ரெட் ஆக்சைடு அடிக்கத் தயாராக வைக்க வேண்டும். அக்டோபர் மழைக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது.