காலையில் முதல் பதினைந்து நிமிடம்

பிரிட்டிஷ் முறைப் பள்ளி என்றதும் நம் டெல்டா பக்கம் எல்லாரும் முதலில் கேட்பது ஃபீஸ் எவ்வளவு என்றுதான். அடுத்தது, பிள்ளை இங்கிலீஷில் பேசுமா என்பது. ஹவுஸ், ஹவுஸ் பாயிண்ட், பிரிஃபெக்ட் பேட்ஜ் எல்லாம் வந்து பார்ப்பவர்கள் கண்ணில் படும். மாணவர் நலப் பிரிவில் வேலை பார்க்கும் எனக்கு அந்த முறையில் மிகவும் பிடித்தது, அப்படிக் கண்ணில் படாத ஒன்று. முதல் பீரியடுக்கு முன்னால் ஃபார்ம் டியூட்டரோடு, அதாவது அந்த வகுப்புக்குப் பொறுப்பான ஆசிரியரோடு, பிள்ளைகள் உட்காரும் பதினைந்து நிமிடம்.

அதில் பாடம் கிடையாது. வருகைப் பதிவு எடுத்துக்கொண்டே ஒருவர் எல்லாப் பிள்ளைகளின் முகத்தையும் பார்க்கிறார், அவ்வளவுதான். யார் சாப்பிடாமல் வந்திருக்கிறது, நேற்றுவரை ஒட்டிக்கொண்டிருந்த இருவர் இன்று ஏன் ஆளுக்கொரு மூலையில் என்பதெல்லாம் அங்கேதான் தெரியவரும். கணக்கு ஆசிரியருக்குப் பிள்ளையின் கணக்கு தெரியும், அறிவியல் ஆசிரியருக்கு அறிவியல். பிள்ளையை முழுசாகத் தெரிந்தவர் டியூட்டர்.

எங்களிடம் படிக்கும் பலருக்கு அப்பா மஸ்கட்டிலோ தோஹாவிலோ இருக்கிறார். அங்கே சில வருஷம் படித்துவிட்டு, இங்கே தாத்தா பாட்டி வீட்டுக்கு வந்தவர்கள் இவர்கள். பாடத்திட்டம் அதேதான், மற்றதெல்லாம் புதிது. ஓமனிலும் கத்தாரிலும் வார விடுமுறை வெள்ளியும் சனியும். இங்கே சனியும் ஞாயிறும். அப்பாவும் பிள்ளையும் அவசரமில்லாமல் பேச மிஞ்சுவது சனிக்கிழமை ஒன்றுதான். அன்றைக்கு ஸ்பெஷல் கிளாஸ் வேண்டாம் என்று முதலில் சொன்னவர்கள் டியூட்டர்கள்தான்.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன். வாய் திறந்தால் அருமையாகப் பேசுவான். எழுத்துத் தேர்வில் பாதித் தாள் வெறுமையாக இருக்கும். எல்லா ரிப்போர்ட்டிலும் ‘கவனம் போதாது’ என்றே எழுதி வந்திருந்தது. அவனுடைய டியூட்டர் மட்டும் வேறொன்றைக் கவனித்தார். காலையில் அன்றைய அறிவிப்பைப் பிள்ளைகள் முறைவைத்து வாசிப்பார்கள். இவன் முறை நெருங்கும்போதெல்லாம் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவான். பாட்டிலில் பாதிக்கு மேல் தண்ணீர் இருக்கும்.

திருச்சியில் ஒரு உளவியலாளரிடம் பரிசோதித்ததில் டிஸ்லெக்ஸியா, அதாவது எழுத்தைப் படிப்பதிலும் எழுதுவதிலும் சிரமம் தரும் கற்றல் குறைபாடு, என்று உறுதியானது. இத்தகைய பிள்ளைகளுக்கு, எங்கள் மாணவர்கள் எழுதும் கேம்பிரிட்ஜ் தேர்வில் பெரும்பாலும் 25 சதவீதம் கூடுதல் நேரம் கிடைக்கும். இரண்டு மணி நேரத் தாளுக்கு அரை மணி கூட. ஆனால் தேர்வு நெருங்கும்போது சர்டிஃபிகேட்டை நீட்டினால் போதாது. பள்ளித் தேர்வுகளிலும் அவன் அப்படித்தான் எழுதி வருகிறான் என்று காட்டியாக வேண்டும். ஒன்பதாம் வகுப்பிலேயே கண்டுபிடித்தது எவ்வளவு பெரிய விஷயம் என்பது இந்த வேலையில் இருப்பவர்களுக்குப் புரியும்.

அவன் அப்பாயி தை மாதம் பெற்றோர்-ஆசிரியர் கூட்டத்துக்கு வந்தார். சம்பா அறுப்பு நேரம். அறுப்பு மெஷினுக்குச் சொல்லிவிட்டு வந்திருந்ததால் கண் அடிக்கடி கடிகாரத்துக்குப் போனது. நான் சொன்னதைக் கேட்டதும் கடிகாரத்தை மறந்துவிட்டார்.

“ஏம்மா, புள்ளைக்கு மூளையில ஏதும் கோளாறா?”

“அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்கம்மா. புத்திசாலிப் புள்ள. எழுத்துக்கூட்டிப் படிக்க மத்தவங்களவிட நேரம் பிடிக்குது, அதுக்குத்தான் நேரம் கேக்குறோம்.”

சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “இவங்கப்பனும் இப்படித்தாம்மா. வாத்தியார்கிட்ட அடி வாங்கி வாங்கியே எட்டாவதோட நின்னுட்டான்” என்றார்.

இது குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடியது என்று படித்திருக்கிறேன். அதை ஒரு தாயின் வாயிலிருந்து கேட்பது வேறு. அந்தச் சனிக்கிழமை மஸ்கட்டிலிருந்து அப்பா பேசினார். கூடுதல் நேரம், சர்டிஃபிகேட் எதைப் பற்றியும் கேட்கவில்லை. “அவனை அங்க யாரும் அடிக்கிறதில்லைல்ல மேடம்?” என்று மட்டும் கேட்டார்.

‘அவனுக்கு மட்டும் எதுக்கு எக்ஸ்ட்ரா டைம்?’ என்று வேறு பெற்றோர் சிலர் கேட்டார்கள். அது சலுகை இல்லை, உரிமை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலேயே கற்றல் குறைபாடும் இடம்பெற்றிருக்கிறது. நம் மாநிலப் பொதுத்தேர்விலும் இத்தகைய பிள்ளைகளுக்குக் கூடுதல் நேரம் உண்டு. கேட்டவர்களுக்கெல்லாம் இதைச் சொன்னேன், இனியும் சொல்வேன்.

இப்போது அந்தக் காலைப் பதினைந்து நிமிடத்தையே நீட் பயிற்சிக்குக் கொடுத்துவிடலாம் என்று பேச்சு வந்திருக்கிறது. பெற்றோரின் பதற்றம் எனக்குப் புரிகிறது. ஐஜிசிஎஸ்இ என்கிற கேம்பிரிட்ஜின் பத்தாம் வகுப்புத் தேர்வை முடித்துவிட்டு மருத்துவம் படிக்க நினைக்கும் பிள்ளைக்கு அந்தத் தேர்வு தனி மலைதான். பயிற்சி வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. சாயங்காலம் வேன் கிளம்பும் நேரத்தைத் தள்ளி வைத்து நடத்தலாம், காலையில் கை வைக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்தப் பையனை எந்தத் தேர்வும் கண்டுபிடிக்கவில்லை என்பதையும் அதில் சேர்த்திருக்கிறேன். டியூட்டர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். நிர்வாகம் அடுத்த வாரம் கூப்பிட்டிருக்கிறது.