பாக்ஸ்டர் வீட்டுக் கதை

கேரன் கிங்ஸ்பரியும் கேரி ஸ்மாலியும் சேர்ந்து எழுதி 2002-இல் வந்த 'ரிடெம்ப்ஷன்' கிறிஸ்தவக் காதல் நாவல்தான், ஆனால் தொடங்குவதே ஒரு கல்யாணம் உடைகிற இடத்தில். அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ப்ளூமிங்டன் என்ற ஊர். அங்கே பாக்ஸ்டர் வீட்டு மகள் காரி, பேராசிரியரான கணவன் தன் மாணவியோடு தொடர்பு வைத்திருப்பது தெரிந்தும், பழைய காதலன் ரயன் வேறு எதிரே வந்து நிற்கும்போதும், விவாகரத்து வேண்டாம் என்கிறாள். எனக்குக் கோபம்தான் வந்தது. ஜெபத்தால் எல்லாம் சட்டென்று சரியாகிவிடவில்லை என்பதால்தான் மேலே படித்தேன்.

எனக்குப் பிடித்தவள் தங்கை ஆஷ்லி. பாரிஸில் ஓவியம் வரையப் போனவள், கல்யாணமாகாமலே பிள்ளையோடு திரும்பி வந்து, பக்தியான அந்த வீட்டில் ஒட்டவும் முடியாமல் விலகவும் முடியாமல் தவிக்கிறாள். அப்புறம், அவளை நேசிக்கும் தீயணைப்பு வீரன் லாண்டன்! ஐந்து புத்தகத் தொடர் இது, பிரசங்க வாடை அங்கங்கே தூக்கல்தான், அந்தப் பக்கங்களை வேகமாகத் தள்ளிவிடுங்கள்.