இரவு 12.30-க்குக் கார் எழுந்திருக்குமா?

ஜனவரி 6, செவ்வாய்

என் கார் பிளக்-இன் ஹைப்ரிட்: செருகிச் சார்ஜ் ஏற்றும் பேட்டரியும் உண்டு, அது தீர்ந்தால் ஓட இன்ஜினும் உண்டு. காலையில் ஸ்டார்ட் பொத்தானை அழுத்தியதும் இன்ஜின் உறுமியது. பேட்டரி நேற்று மாலை விட்ட அதே 3 சதவீதத்தில் நிற்கிறது. இரவெல்லாம் பிளக் செருகித்தான் இருந்தது. காத்திருப்பதைக் காட்டும் விளக்கும் மினுக்கிக்கொண்டுதான் இருந்தது. போன வாரம்தான் காரின் திரையில் புதிதாக ஷெட்யூல் போட்டேன்: கட்டணம் குறையும் 12.30-க்குச் சார்ஜ் தொடங்கவேண்டும் என்று. அன்றிலிருந்து நேற்றுதான் முதல்முறை பேட்டரியைக் காலியாக்கி விட்டுப் பார்த்தேன். முதல் சந்தேகம் பகலா இரவா என்பதில். மதியம் 12.30 என்று போட்டுவிட்டேனோ? இல்லை, சரியாகத்தான் இருக்கிறது. காரின் கடிகாரமும் சரி.

ஜனவரி 7, புதன்

நேற்றிரவுச் சோதனை வீண். பிளக் சரியாக உட்காரவில்லையோ என்று உருவி மறுபடி செருகினேன். உடனே சார்ஜ் ஏறத் தொடங்கிவிட்டது. மணி ஒன்பதுகூட ஆகவில்லை! கையேட்டைப் புரட்டினால், சில நொடிகளுக்குள் உருவிச் செருகினால் ஷெட்யூலை ஒதுக்கிவிட்டு உடனே சார்ஜ் செய் என்று பொருளாம். எல்லாக் கார்களிலும் இப்படி இல்லை, என் காரில் இருக்கிறது. சோதனை செய்கிறேன் என்று கையை வைத்தாலே சோதனை கெட்டுவிடுகிறது.

ஜனவரி 8, வியாழன்

இன்று ஒழுங்காகப் பார்த்தேன். காரின் ஷெட்யூலை அணைத்துவிட்டு மாலை 6 மணிக்குச் செருகினேன். ஏறியது. 9.20-க்கு முழுசு. கணக்கும் ஒத்துவருகிறது: பேட்டரியில் பயன்படுத்தக்கூடியது ஏறத்தாழ 10.5 யூனிட், வழியில் வெப்பமாகப் போவதையும் சேர்த்துச் சுவரிலிருந்து 12 யூனிட் இழுக்கும், காருக்குள் இருக்கும் சார்ஜர் 3.6 கிலோவாட். 12-ஐ 3.6-ஆல் வகுத்தால் 3 மணி 20 நிமிடம். ஆக கேபிள், சார்ஜர், பேட்டரி மூன்றின்மேலும் குற்றமில்லை. தப்பு நேரத்தில்தான்.

இரவு 11 மணி, அதே நாள். கண்டுபிடித்துவிட்டேன், கொஞ்சம் வெட்கத்தோடு. சுவரில் மாட்டிய சார்ஜர் பெட்டியின் மொபைல் ஆப்பைத் திறந்தால் அதற்குள்ளும் ஒரு ஷெட்யூல்! இரவு 1 முதல் 5 வரை. மாட்டிய புதிதில் நானே போட்டு, சுத்தமாக மறந்துபோனது. செவ்வாய் இரவும் இன்று மாலையும் எப்படி ஏறியது என்றால், இரண்டு முறையும் சோதனைக்காகப் பெட்டியின் முகப்பில் உள்ள 'இப்போதே' பொத்தானை அழுத்தியிருந்தேன். எதை அழுத்தினேன் என்பதைக்கூட யோசிக்கவில்லை.

நடந்தது இதுதான் போலிருக்கிறது. கேபிளில் பைலட் என்ற சின்ன சிக்னல் ஓடுகிறது. கார் செருகாதபோது 12 வோல்ட், செருகியதும் 9, கார் மின்சாரம் கேட்டால் 6. பெட்டி தயார் என்றால் அந்தச் சிக்னல் நொடிக்கு 1,000 முறை துடிக்கும். துடிப்பின் அகலத்தைப் பார்த்து எத்தனை ஆம்பியர் இழுக்கலாம் என்று கார் தெரிந்துகொள்ளும். துடிக்காமல் மட்டமாக நின்றால், 'இப்போ இல்லை, பொறு'. என் கார் 12.30-க்கு எழுந்து பார்த்தபோது துடிப்பு இல்லை. கொஞ்ச நேரம் காத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டது. 1 மணிக்குப் பெட்டி துடிக்க ஆரம்பித்தபோது கேட்க ஆளில்லை. சில கார்கள் துடிப்பு வந்ததும் விழித்துக்கொள்ளும், என்னுடையது கும்பகர்ணன்.

இத்தனை மாதமாக ஏன் தொல்லை இல்லை? காரில் ஷெட்யூலே இல்லையே, பெட்டி மட்டும்தான் நேரம் பார்த்தது. தனக்கென்று நேரம் இல்லாதவரை காரும் துடிப்பு வந்ததும் விழித்துக்கொண்டது போலிருக்கிறது. இரண்டு ஷெட்யூலிலும் ஒரே நேரத்தைப் போட்டிருந்தாலும், கடிகாரங்கள் சில நிமிடம் முன்பின்னாக இருந்தால் இதே கதை நடந்திருக்கலாம். பெட்டியின் ஷெட்யூலை அழித்துவிட்டு, காரின் ஷெட்யூலை மறுபடி போட்டுவிட்டேன், கார் பார்த்துக்கொள்ளட்டும்.

ஜனவரி 9, வெள்ளி

நேற்றிரவுச் சுற்றலில் பாதி தீர்ந்த பேட்டரி, காலையில் 100 சதவீதம்! ஆப்பின் பதிவில் தொடக்கம் 12.30.

ஜனவரி 10, சனி

மறுபடி சார்ஜ் இல்லை. ஐயோ என்றிருந்தது. பிளக், பெட்டி, ஆப் என்று அரை மணி நேரம் சுற்றிவந்த பிறகு கிழமைகளைப் பார்த்தேன். திங்கள் முதல் வெள்ளி வரை டிக் செய்திருக்கிறேன். வெள்ளி இரவு 12.30 என்று நாம் சொல்வது காருக்குச் சனிக்கிழமை. ஞாயிறு இரவு செருகினாலோ திங்கள் கணக்கில் ஏறும். எனக்குப் பொழுது விடிந்தால்தான் அடுத்த நாள், காருக்கு நள்ளிரவிலேயே. சனியையும் டிக் செய்தேன்.

ஜனவரி 14, புதன்

ஞாயிறு, திங்கள் இரண்டு இரவும் பிசகில்லை. சும்மா இருக்க முடியாமல் நேற்று 'புறப்படும் நேரம்' முறையை முயன்றேன்: காலை 7 மணி. இரவு 2 மணிக்குப் பார்த்தேன், ஏறவில்லை. 4-க்கு எழுந்து பார்த்தாலும் இல்லை. 5.20-க்குத்தான் தொடங்கியது. பாதி பேட்டரிக்கு 1 மணி 40 நிமிடம் போதும் என்று பின்னாலிருந்து எண்ணிப்பார்த்திருக்கிறது, கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் குறைந்த கட்டண நேரம் 5 மணியோடு முடிந்துவிட்டதே! அதைத் தனியாக ஒரு பக்கத்தில் சொல்லவேண்டுமாம். 12.30-க்கே திரும்பிவிட்டேன்.

மகள் பிளக்கைப் பார்த்துவிட்டு, "கார் தூங்கட்டும்ப்பா, நீங்களும் தூங்குங்க" என்றாள்.