மலையில் ஓட்டுகிறவருக்கு எந்த ஃபேரிங்?

கோத்தகிரியில் குடியிருந்துகொண்டு, வாரந்தோறும் மேட்டுப்பாளையம் இறங்கிக் கோயம்புத்தூர் போய்வரவும், விடுமுறை சேர்ந்து வந்தால் வால்பாறை, பாலக்காடு, மைசூர் என்று தொலைவாகப் போகவும் ஒரே பைக்கை நம்பியிருப்பவன் நான். அந்த வண்டியை இந்த ஆண்டு மாற்றியாக வேண்டும். என்ஜின் எத்தனை சிசி, கையில் இருக்கும் பணம் எதுவரை தாங்கும் என்பவற்றையெல்லாம் ஓரளவு முடிவு செய்துவிட்ட பிறகும் ஒரு கேள்வி மட்டும் நெடுநாள் தீராமல் நின்றது. என்ஜினையும் பக்கங்களையும் சேர்த்து மூடும் பிளாஸ்டிக் உறை, அதாவது முழு ஃபேரிங், உள்ள வண்டியா, அட்வென்ச்சர் பாணியில் முன்பக்கத்தை மட்டும் மூடிய அரை ஃபேரிங் வண்டியா, அல்லது ஃபேரிங்கே இல்லாமல் ஹெட்லைட்டுக்கு மேல் ஒரு விண்ட்ஷீல்டு மட்டும் நிற்கும் வண்டியா? இதைப் பற்றிப் படிக்கக் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை நான்குவழிச் சாலையில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகிறவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. மலையில் குடியிருக்கிறவருக்குத் தேவைகள் வேறு என்பது என் உறுதியான கருத்து. அதை விளக்கமாக எழுதுவது என்னைப் போன்ற நாலு பேருக்கு உதவும்.

காற்றைப் பிளந்து போவதற்கென்று பிறந்த பொருள்தான் ஃபேரிங். 1976-இல் பிஎம்டபிள்யூ நிறுவனம் ஆர் 100 ஆர்எஸ் என்ற வண்டியை, காற்றுச் சுரங்கத்தில் சோதித்து வடிவமைத்த முழு ஃபேரிங்குடன் தொழிற்சாலையிலிருந்தே விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, ஜெர்மனியின் அதிவேகச் சாலைகளில் மணிக்கணக்கில் களைப்பில்லாமல் ஓட்டுவதே அதன் நோக்கமாக இருந்தது. காற்றின் எதிர்ப்பு விசை வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறுவதால், மணிக்கு 80 கிலோமீட்டரில் நெஞ்சைத் தள்ளும் விசையில் கால் பங்குதான் 40 கிலோமீட்டரில் இருக்கும். 100 கிலோமீட்டரோடு ஒப்பிட்டால் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு. குஞ்சப்பனை வழியாக இறங்கும்போதும், பர்லியார் வழியாகக் குன்னூருக்கு ஏறும்போதும் நாம் ஓட்டுவது முப்பதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட வேகம். ஆகவே காற்றை வெட்டும் திறன், பெட்ரோல் சிக்கனம் என்று ஃபேரிங்குக்காகச் சொல்லப்படும் வாதங்கள் கல்லாறு தாண்டிச் சமவெளியைத் தொட்ட பிறகுதான் உயிர் பெறுகின்றன. மலைக்குள் ஃபேரிங் செய்யக்கூடிய உதவி வேறு: குளிரையும் சாரலையும் மறைப்பது.

கோத்தகிரிக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் சாலைத் தொலைவு 33 கிலோமீட்டர் அளவே என்றாலும், உயர வேறுபாடு ஏறத்தாழ 1,450 மீட்டர் என்பதால் வெப்பநிலை ஒன்பது டிகிரி வரை மாறுகிறது. மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையில் 10 டிகிரி என்று வெப்பமானி காட்டும்போது, 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவரின் மூடப்படாத தோலுக்கு அது 6 டிகிரிக் குளிராகவே உறைக்கும். அந்தக் குளிர் முதலில் பிடிப்பது நெஞ்சை அல்ல, விரல்களை. நெஞ்சுக்கு ஸ்வெட்டரும் ஜெர்கினும் இருக்கின்றன. விரல்களோ இறக்கம் முழுவதும் பிரேக் லிவரிலும் கிளட்ச் லிவரிலும் நீட்டியபடியே இருந்தாக வேண்டும். மரத்துப்போன இரண்டு விரல்களால் முன் பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே தெரியாமல் போகும் நிலை, ஈரமான வளைவில் மிகவும் அபாயமானது. எனவே மலைக்காரர் முதலில் பார்க்க வேண்டியது, விரல்களுக்கு முன்னால் காற்றை மறைத்து நிற்கும் ஹேண்ட் கார்டு இருக்கிறதா என்பதை. பார்ப்பதற்குப் பிரமாதமாக இருக்கும் பல முழு ஃபேரிங் வண்டிகளில் கைகள் ஃபேரிங்கின் விளிம்புக்கு வெளியே, எதிர்க்காற்றில் நிற்கின்றன. ஹேண்டில்பார் கீழே தாழ்ந்து ஃபேரிங்குக்கு மிக அருகில் அசைவதால் அவற்றில் பின்னர் ஹேண்ட் கார்டு பொருத்தவும் பெரும்பாலும் இடமிருப்பதில்லை. அட்வென்ச்சர் வண்டிகள் இந்த ஒரு விஷயத்தில் நம் ஊருக்கென்றே செய்யப்பட்டவை என்று தோன்றும்.

மழையில் நிலைமை சற்று மாறுகிறது. தென்மேற்குப் பருவமழை கூடலூர், நடுவட்டம், அவலாஞ்சிப் பக்கத்தை நனைக்கும் வேகம் ஊரறிந்தது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தது. எங்கள் கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத்துக்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வரும். மேலிருந்து விழும் மழையை எந்த ஃபேரிங்கும் தடுப்பதில்லை. முன்சக்கரம் வாரி இறைக்கும் சேற்றுத் தண்ணீர் முழங்காலுக்குக் கீழே அடிப்பதை மட்டும் முழு ஃபேரிங் நன்றாகத் தடுக்கிறது. ஆனால் நல்ல மழைக்கால்சட்டையும் தண்ணீர் புகாத ஷூவும் அதே வேலையைச் செய்துவிடும் என்பதால், அதற்காக மட்டும் அவ்வளவு பிளாஸ்டிக்கைச் சுமக்க எனக்கு மனமில்லை.

இனி, நான் மிக முக்கியமாகக் கருதும் விஷயத்துக்கு வருகிறேன். ஃபேரிங் எவ்வளவு பெரியது என்பதைவிட, அது எதில் பூட்டப்பட்டிருக்கிறது என்பதே மலையில் பெரிய கேள்வி. முழு ஃபேரிங் வண்டிகளிலும் பெரும்பாலான அரை ஃபேரிங் வண்டிகளிலும் ஹெட்லைட்டும் அதைச் சுற்றிய முன்மூடியான டூமும் சேஸிஸோடு, அதாவது வண்டியின் சட்டத்தோடு, பிணைக்கப்பட்டிருக்கும்; ஹேண்டில்பாரைத் திருப்பினால் சக்கரம் திரும்பும், வெளிச்சம் திரும்பாது. ஃபேரிங் இல்லாத வண்டிகளில் ஹெட்லைட், முன்சக்கரத்தைத் தாங்கி ஹேண்டில்பாரோடு திரும்பும் ஃபோர்க்கில் அமர்ந்திருப்பதால் சக்கரம் பார்க்கும் திசையையே வெளிச்சமும் பார்க்கும். ஒரே என்ஜினைக் கொண்ட ராயல் என்ஃபீல்டு வண்டிகளிலேயே இந்த வேறுபாட்டைக் காணலாம்: 2016-இல் வந்த ஹிமாலயனில் ஹெட்லைட் சேஸிஸோடு நிலையாக நிற்கும், 2022-இல் வந்த ஸ்கிராம் 411-இல் ஹேண்டில்பாரோடு திரும்பும். மைசூர்ச் சாலையின் அகலமான வளைவுகளில், அறுபது எழுபது வேகத்தில், ஹேண்டில்பார் திரும்புவது ஓரிரு டிகிரிதான் என்பதால் இந்த வேறுபாடு தெரியவே தெரியாது. கொண்டை ஊசி வளைவில், முதல் கியரில், ஹேண்டில்பார் பாதிக்கு மேல் திரும்பியிருக்கும்போதுதான் தெரியும்.

இப்போது என்னிடம் இருப்பது சேஸிஸில் ஹெட்லைட் பூட்டிய அரை ஃபேரிங் வண்டி. இரவு எட்டு மணிக்கு மேல் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வரும்போது, வளைவுக்குள் நுழைந்ததும் அதன் வெளிச்சம் தடுப்புச்சுவரைத் தாண்டிப் பள்ளத்தின் மேலாகப் போய், எதிரே இருக்கும் மரங்களின் உச்சியை வெள்ளையாகக் காட்டும். நான் திரும்பவேண்டிய உள்வளைவோ இருட்டாக இருக்கும். கோத்தகிரியை நெருங்க நெருங்க அந்த உள்வளைவில்தான் தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கிய காட்டெருமை நிற்கும். உடல் கரியது, சாலையும் கரியது. கால்களின் முழங்காலுக்குக் கீழ்ப்பட்ட வெள்ளை மட்டும், வெளிச்சத்தின் ஓரம் பட்டால், நான்கு கோடுகளாகத் தெரியும். அந்தக் கோடுகள் முன்கூட்டியே தெரிவதும் தெரியாததும் ஹெட்லைட் எதில் பூட்டியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. இந்தக் குறையைத் தீர்க்க 2011-இல் வந்த பிஎம்டபிள்யூ கே 1600 ஜிடி வண்டியில், வண்டி சாய்வதற்கு ஏற்ப வெளிச்சத்தைத் திருப்பித் தரும் ஹெட்லைட்டை வைத்தார்கள். நம் விலை எல்லைக்குள் அப்படி ஒன்று இல்லை. கிராஷ் கார்டில் கூடுதல் விளக்கு போடலாமே என்று சிலர் சொல்வதுண்டு. அதுவும் சேஸிஸோடு நிற்பதுதான் என்பதால், அகலமாக வெளிச்சம் பரப்பும் விளக்காக இருந்தால் மட்டுமே ஓரளவு பயன் தரும்.

இந்தக் கேள்வி புதியதன்று. ஹார்லி டேவிட்சன் வண்டிகளில் எலெக்ட்ரா கிளைடுக்கு 1969-இல் வந்த, வௌவாலின் சிறகை ஒத்த ஃபேரிங் ஃபோர்க்கில் பூட்டப்பட்டது. 1980-இல் வந்த டூர் கிளைடில் ஃபேரிங்கைச் சேஸிஸுக்கு மாற்றினார்கள். அதன் வழிவந்ததுதான் 1998-இல் தொடங்கிய ரோடு கிளைடு. இரண்டு மரபுகளும் இன்றுவரை தொடர்வதற்குக் காரணம், இரண்டிலும் ஒவ்வொரு நியாயம் இருப்பதுதான். ஃபோர்க்கில் பூட்டினால் ஃபேரிங்கின் எடை முழுவதும் ஹேண்டில்பாரில் ஏறும், அடிக்கும் காற்றும் நேராகக் கைக்கு வரும். சேஸிஸில் பூட்டினால் கை இலேசாக இருக்கும், ஆனால் வெளிச்சம் வளைவோடு வராது.

காற்றைப் பொறுத்தவரை நீலகிரிக்காரர் மலையடிவாரத்தையும் கணக்கில் சேர்த்தே ஆகவேண்டும். ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் வீசும் காற்றை நம்பித்தான் அங்கே அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. அந்தக் காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது, உயரமான விண்ட்ஷீல்டை ஃபோர்க்கில் பூட்டிய வண்டியை ஓட்டுவது, விரித்த குடையோடு வரப்பில் நடப்பதற்குச் சமம். முழு ஃபேரிங்குக்கு வேறு சிக்கல்: கை இலேசாக இருந்தாலும், பக்கவாட்டுப் பரப்பு பெரிதென்பதால் வண்டியே மொத்தமாகத் தள்ளப்படும். முன்சக்கரத்தையும் சேர்த்து மூடிய ஃபேரிங்குகளைப் பந்தயங்களிலிருந்து 1957-ஆம் ஆண்டுப் பருவத்தோடு தடைசெய்ததற்குப் பக்கக்காற்றில் அவை நிலைகுலைந்தது ஒரு முக்கியக் காரணம். இன்றைய ஃபேரிங்குகள் அந்த அளவுக்கு மோசமில்லை. ஆனாலும் 161 கிலோ எடையுள்ள, முழு ஃபேரிங் கொண்ட சுஸுகி ஜிக்ஸர் எஸ்எஃப் 250-ஐயும் 193 கிலோ எடையுள்ள, ஃபேரிங் இல்லாத பஜாஜ் டாமினார் 400-ஐயும் அந்தக் காற்றில் ஒரே மாதிரி எதிர்பார்க்க முடியாது.

முழு ஃபேரிங்கைப் பற்றி இன்னும் இரண்டொரு வார்த்தைகள். மே மாதக் கூட்டத்தில் குன்னூர்ச் சாலையில் ஊர்ந்து ஏறும்போது ரேடியேட்டர் ஃபேன் தள்ளும் சூடு ஃபேரிங்குக்குள் சுழன்று தொடையில் வந்து படும். அதே சூடு டிசம்பரில் இதமாக இருக்கும். தாழ்ந்த ஹேண்டில்பார் உள்ள வண்டிகளில் இறக்கம் முழுவதும் உடலின் எடை மணிக்கட்டில் வந்து நிற்கும், ஹேண்டில்பார் திரும்பும் கோணமும் குறைவு. கல்லட்டிப் பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் எதிரே பஸ் வந்து நிறுத்தி எடுக்க நேர்ந்தால் இவை இரண்டும் ஒருசேரத் தெரியும். நின்ற இடத்திலேயே வண்டி சாய்ந்தால்கூட ஃபேரிங் பேனலின் உள்பக்கக் கொக்கிகள் உடைந்துவிடும். புதிய பேனல் கீழேயிருந்து வரவேண்டும். எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணன் இதை வேறு கோணத்தில் சொன்னார்: "தம்பி, பிளக்கு பார்க்கணும்னாலும் இதுல மொதல்ல டூமு, சைடு எல்லாம் கழட்டணும். கழட்டுறது பெருசில்ல, திரும்ப மாட்டும்போது ஒரு கிளிப்பு கம்மியா இருக்கும். அப்புறம் ரோட்டுல சத்தம் கேக்குதுன்னு எங்கிட்டயே வருவீங்க."

விண்ட்ஷீல்டின் உயரத்தில் பலரும் ஏமாறுகிறார்கள். உயரமாக இருந்தால் நல்லது என்பது சமவெளிக்குச் சரி, பனிமூட்டத்துக்குச் சரியில்லை. மூடுபனியில் விண்ட்ஷீல்டு முழுவதும் நுண்ணிய நீர்த்துளிகள் படிந்துவிடும், எதிரே வரும் வண்டியின் வெளிச்சம் பட்டதும் அந்தத் துளிகள் அனைத்தும் ஒளிரும், சாலை மறைந்துவிடும். ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிடலாம் அல்லது விரலால் வழிக்கலாம். விண்ட்ஷீல்டை அப்படிச் செய்ய இயலாது. ஆகவே சீட்டில் நேராக அமர்ந்து இருபது மீட்டர் தொலைவில் சாலையைப் பார்க்கும்போது, பார்வைக்கோட்டுக்கு நான்கு விரற்கடை கீழே விண்ட்ஷீல்டின் மேல்விளிம்பு நிற்கவேண்டும். அதன் வழியாகப் பார்க்கக்கூடாது, அதற்கு மேலாகப் பார்க்க வேண்டும். உயரம் குறைவானவருக்கும் நெடியவருக்கும் ஒரே விண்ட்ஷீல்டு பொருந்தாது என்பதால், ஷோரூமில் சென்டர் ஸ்டாண்டு போடாமல், இரண்டு காலையும் ஊன்றி அமர்ந்து பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இவற்றையெல்லாம் எடைபோட்டு, ஹெட்லைட் ஹேண்டில்பாரோடு திரும்பும், நடுத்தர உயரத்தில் விண்ட்ஷீல்டும் ஹேண்ட் கார்டும் உள்ள வண்டியே என் தேவைக்கு ஏற்றது என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். டாமினார் 400-க்கு 2021-இல் விண்ட்ஷீல்டு, ஹேண்ட் கார்டு, லெக் கார்டு, கேரியர் ஆகியவற்றைத் தொழிற்சாலையிலேயே பொருத்தித் தரத் தொடங்கியதால் அது பட்டியலின் முதலிடத்தில் இருக்கிறது. ஆடிக்காற்றில் பொள்ளாச்சி போகும்போது வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்; அதை மனமாரப் பொறுத்துக்கொள்வேன், ஏனென்றால் கணவாய்க் காற்றை ஆண்டில் சில வாரங்கள் சந்திக்கிறேன், காட்டெருமை நிற்கும் வளைவை வாரந்தோறும் கடக்கிறேன்.

கோயம்புத்தூரில் இருக்கும் என் மச்சான் இதே பணத்துக்கு முழு ஃபேரிங் வண்டி வாங்கப் போகிறார். அவருக்கு நான் அதைத்தான் சொன்னேன். அவர் மாதந்தோறும் சேலம் வழியாகச் சென்னை போகிறவர், பெரும்பாலும் பகலில், பெரும்பாலும் தொண்ணூறு வேகத்தில். அவருக்கு நெஞ்சில் அடிக்கும் காற்றைத் தடுப்பதே களைப்பைக் குறைக்கும், ஜிக்ஸர் எஸ்எஃப் 250 போன்ற, ஹேண்டில்பார் அதிகம் தாழாத வண்டி முதுகையும் காப்பாற்றும்.

எந்த விண்ட்ஷீல்டு வாங்கினாலும் அது பாலிகார்பனேட்டா அக்ரிலிக்கா என்று கேட்டு வாங்குங்கள். பாலிகார்பனேட் கல் பட்டாலும் எளிதில் உடையாது, ஆனால் கீறல் விழும். அக்ரிலிக்கில் கீறல் குறைவு, பலமாகப் பட்டால் விரிசல் விடும். லாரிகளுக்குப் பின்னால் ஏறும் சாலைகளில் ஜல்லி தெறிப்பதால் என் தேர்வு பாலிகார்பனேட். அதை வீட்டு ஜன்னலுக்குப் பயன்படுத்தும் அமோனியா கலந்த திரவத்தாலோ பெட்ரோல் தொட்ட துணியாலோ துடைத்தால் பால்போல் மங்கிவிடும். முதலில் தண்ணீர் ஊற்றி மண்ணை வழியவிட்டு, பிறகு சோப்புத் தண்ணீரில் நனைத்த மென்மையான பருத்தித் துணியால் துடைத்தாலே போதும்.