விசிலை எண்ணாமல் நிமிடத்தை எண்ணுங்கள்

சமையலறைக்குள் வந்த கருவிகளில் நேரத்தை மிச்சப்படுத்தியவை பல. அடுப்படியிலேயே நின்றாக வேண்டிய கட்டாயத்தைத் தளர்த்தியதில் பிரஷர் குக்கருக்கு ஈடு கிடையாது என்பேன். திறந்த பாத்திரம் என்றால் தண்ணீர் சுண்டுகிறதா, அடிபிடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். குக்கர் வந்தபின் அடுத்த அறையில் இருந்தபடியே காதால் சமையலைக் கவனிக்க முடிந்தது.

இதன் மூதாதை பழையது. பிரெஞ்சு அறிவியலாளர் டெனிஸ் பாப்பின் 1679-இல் லண்டனில் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்தில் காட்டிய பாத்திரம் எலும்பையே மெத்தென்று வேகவைத்தது. அழுத்தம் மீறினால் ஆவியை வெளியேற்ற, நெம்புகோலில் எடை தொங்கும் வால்வையும் அவரே வைத்தார். உள்ளே எவ்வளவு சூடு என்று அறிய, மூடியின் மேல் ஒரு சொட்டு நீர் விட்டு, அது வற்றும் நேரத்தை ஊசலால் அளந்தார். வீட்டு அடுப்புக்கேற்ற சிறிய குக்கர் பரவலானது வெகு காலம் கழித்துத்தான். 1939 நியூயார்க் உலகக் கண்காட்சியில் பிரஸ்டோ என்ற குக்கர் அறிமுகமானது.

திறந்த பாத்திரத்தில் எவ்வளவு தீ வைத்தாலும் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸோடு நின்றுவிடும். ஆவியை அடைத்து, வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு ஏற்றினால் கொதிநிலை சுமார் 121 டிகிரிக்குப் போகும். சூடு ஒவ்வொரு 10 டிகிரி ஏறும்போதும் வேகும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்று கொண்டால், ஒரு மணி நேர வேலை கால் மணியில் முடிகிறது.

வெயிட் எழும்பிவிட்டால் அந்த அழுத்தம் வந்துவிட்டது. அதற்குமேல் தீயைக் கூட்டினாலும் உள்ளே சூடு ஏறாது, ஆவியும் எரிபொருளும்தான் வீண். பெரிய தீயில் விசில் அடுத்தடுத்து வரும், சிறு தீயில் வெகுநேரம் இடைவெளி விடும். அதே 5 விசிலில் ஒருநாள் வேகாமலும் மறுநாள் குழைந்தும் போவது இதனால்தான். முதல் விசில் வந்ததும் தீயை நன்றாகக் குறைத்து, அங்கிருந்து நிமிடக் கணக்கு வையுங்கள்.

பாத்திரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. நுரைக்கும் பருப்பு வகை என்றால் பாதிதான். நுரை ஆவித் துளைக்குள் ஏறிக் காய்ந்து அடைத்துக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் மூடும் முன் துளையை வெளிச்சத்தில் பிடித்து, மறுபக்கம் தெரிகிறதா என்று பாருங்கள்.

விசில் வராமல் விளிம்பில் ஆவி கசிந்தால் பெரும்பாலும் கேஸ்கெட்தான் காரணம். ரப்பர் விறைத்தாலோ விரல் நகத்தால் அழுத்திய இடம் எழும்பாமல் நின்றாலோ மாற்றிவிடுங்கள். சேஃப்டி வால்வில் இருப்பது குறைந்த சூட்டில் உருகும் உலோகம். தண்ணீர் வற்றிச் சூடு எல்லை மீறும்போது அது உருகி ஆவிக்கு வழிவிடும். உருகியதை ஒட்டிச் சரிசெய்யக் கூடாது. அதே குக்கருக்கு உரிய புதிய வால்வையே பொருத்த வேண்டும்.